ஆறாம் மேசை

குன் டோங், ஹாங்காங்
6 மார்ச் 2011

கின்-லொக்,

ஐந்து வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. சிறையில் இருப்பவனிடம் அதைக் கேட்பது போலித்தனம்.

அப்பாவுக்குப் பக்கவாதம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி விடிகாலையில் லிஃப்ட் வாசலில் விழுந்தார். வலது கை போச்சு, வலது கால் போச்சு, பேச்சும் போச்சு. ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சம். "டீ குடிக்கப் போகணும்." காலையில் அதையே சொல்கிறார், மத்தியானம் அதையே சொல்கிறார். நான் டீ போட்டுக் கொடுத்தால் கோப்பையைத் தள்ளிவிடுகிறார்.

சாப்பாட்டை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். தொண்டையில் கோளாறு இல்லை, விழுங்க முடியும், மனிதருக்கு மனசுதான் இல்லை என்கிறார் டாக்டர். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டுமாம். அதையும் தாங்குவாரா தெரியாது. இப்போது நாற்பத்தொன்பது கிலோ இருக்கிறார்.

இந்த ஐந்து வருஷமும் தினம் காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார். பூங்காவில் கை காலை வீசிவிட்டு வருகிறார் என்று நினைத்திருந்தேன். போன வாரம் பூங்காவில் போய் விசாரித்தேன். ஒரு ஆளுக்கும் அவரைத் தெரியவில்லை. 'டீ குடிக்க' என்றால் நம் ஊரில் டீயும் ஆவியில் வெந்த பலகாரமும்தானே, ஏதோ ஒரு டிம் சம் கடைக்குத்தான் போயிருக்கிறார். எந்தக் கடை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, எழுதக் கை வரவில்லை.

ஞாயிறுதோறும் அவரோடு டிம் சம் சாப்பிடப் போனவன் நீ. என்னை ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கிறீர்களா, அப்பனும் மகனும்? அதனால்தான் உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அவருக்குப் பிடித்த கடைகளின் பேரை எழுது. அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தால் நாலு வாய் சாப்பிடுவார் என்று நம்புகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கடை பேர் மட்டும் போதும்.

புய்-குவான்


11 மார்ச் 2011

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' இல்லை. பரவாயில்லை, அதையும் சேர்த்து நானே போட்டுவிட்டேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அறையில் குண்டு லாய் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருஷம் டிம் சம் கடைகளில் மாவு பிசைந்தவர். முதலாளியைக் கத்தியால் குத்திவிட்டு வந்தவர். "என்னடா, யாராவது செத்துட்டாங்களா?" என்றார். சொன்னேன். அவ்வளவுதான், அறை பூராவும் ஆளுக்கு ஒரு கடை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுதான் சாப்பாடு. வார்டன் வந்து கம்பியைத் தட்டும்வரை சண்டை ஓயவில்லை.

லாய் மாமா உனக்கு ஒரு பாடம் சொல்லச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்: "உங்கக்கா எந்தக் கடைக்குப் போனாலும் மொதல்ல இறால் கொழுக்கட்டையைத் தூக்கி வெளிச்சத்துல பார்க்கச் சொல்லு. தோலுக்குள்ள இறால் சிவப்பாத் தெரியணும், ஆனா தோல் கிழியக் கூடாது. தெரியலன்னா வாயைத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துடணும். அந்தக் கடையில மத்ததும் குப்பைதான்."

நானும் அப்பாவும் போனது மூன்று கடைகள். நார்த் பாயிண்டில் ஹோய் சிங், மாடிப்படி ஏறினால் இடது பக்கம். வான் சாயில் கம் சௌ. அங்கே கோழிக்கால் எலும்பு தானாகக் கழன்று வரும். யாவ் மா தேயில் வா மான். அப்பாவுக்கு வா மானில் ஜன்னலோர மேசைதான் வேண்டும்.

ஆகஸ்ட் பத்தொன்பது எனக்கு விடுதலை. இன்னும் ஐந்து மாதம், எட்டு நாள். அதுவரை அப்பாவை எப்படியாவது இருக்கவை, அக்கா. வெளியே வந்ததும் அவர் எதிரே உட்கார்ந்து ஒரு கோப்பை டீ ஊற்ற வேண்டும். வேறு எதையும் நான் யோசித்து வைக்கவில்லை. அதற்காகத்தான் இத்தனை வருஷம் இங்கே ஒருவனோடும் சண்டைக்குப் போகாமல் இருந்தேன்.

கின்-லொக்


குன் டோங்
21 மார்ச் 2011

கின்-லொக்,

உன் ஹோய் சிங் இப்போது கைப்பேசிக் கடை. மாடிப்படிகூட இல்லை, இடித்துவிட்டார்கள். சக்கர நாற்காலியோடு ரெண்டு பஸ் மாறிப் போய் நின்றேன். உன் ஊர் ஐந்து வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன ஊர் என்று எனக்கே உறைக்கவில்லை.

கம் சௌ இருக்கிறது. வாசலில் நம்பர் சீட்டு வாங்கி நாற்பது நிமிஷம் நின்றோம். "அழகி, மேசை ஒன்றரை மணி நேரந்தான், அதுக்குள்ள முடிச்சுடணும்" என்றான் சர்வர். நாற்பத்தாறு வயசுக்காரியை அழகி என்கிறானே என்று சிரிக்கக்கூடத் தெம்பில்லை. தள்ளுவண்டி கிடையாது, காகிதத்தில் பென்சிலால் டிக் போட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாம் சீன எல்லைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலையில் செய்து உறையவைத்து வருகிறதாம், பக்கத்து மேசைக்காரர் சொன்னார். இறால் கொழுக்கட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, சுவர் மாதிரி இருந்தது. உன் லாய் மாமா சொன்னபடி எழுந்து வந்துவிட்டேன்.

வா மான் நல்ல கடை. அதை மறுக்கவில்லை. தோலுக்குள் இறால் தெரிந்தது, வாயில் போட்டால் கடக்கென்று கடிபட்டது. எனக்கே பசி வந்துவிட்டது. ஜன்னலோர மேசைக்குக் கெஞ்சி வாங்கினேன். அப்பா பலகாரக் கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையால் டீ ஜாடியைத் தூக்கினார். எனக்கு ஊற்றினார். பாதி வெளியே கொட்டியது. அப்புறம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல நன்றிக்கு இரண்டு விரலால் மேசையைத் தட்டினேன். தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

மகள் தட்டியது போதவில்லையாம். நீ இருந்தால் போதுமோ என்னவோ. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பொட்டலம் கட்டி வாங்கி வந்ததை நானே நின்றுகொண்டு சாப்பிட்டேன்.

அப்பா இப்போது நாற்பத்தாறு கிலோ. வேறு ஏதாவது தெரிந்தால் எழுது.

புய்-குவான்


26 மார்ச் 2011

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை லாய் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கம் சௌவின் கதையைக் கேட்டு அந்த ஊர் பேர் தெரியாத தொழிற்சாலையை அரை மணி நேரம் திட்டினார். அப்புறம் கேட்டார்: "டேய், அஞ்சு வருஷம் தினமும் ஒரே கடைக்குப் போற ஆளு கடை டீயையா குடிப்பான்? சொந்தத் தேயிலை கொண்டு போவான். கடைக்காரன் வெந்நீருக்கு மட்டும் காசு வாங்குவான். வீட்டுல தேயிலைப் பொட்டலம் இருக்கான்னு பார்க்கச் சொல்லு. தேயிலை வித்தவனுக்கு இவன் எங்க குடிக்கிறான்னு தெரியாம இருக்காது. அவனுங்க வம்பு பேசாம விக்கமாட்டானுங்க."

பார், அக்கா. அவருடைய சட்டைப்பையில், அலமாரியில், எங்காவது இருக்கும்.

அப்பா உன் கையைப் பார்த்ததை நான் மறுபடி மறுபடி படித்தேன். எனக்கும் புரியவில்லை. மகள் போதாதவள் என்று அப்பா ஒரு நாளும் நினைத்ததில்லை. எங்களோடு வர உனக்குப் பிடிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கூப்பிட்டிருக்க வேண்டும்.

கின்-லொக்


குன் டோங்
6 ஏப்ரல் 2011

கின்-லொக்,

கிடைத்துவிட்டது!

அப்பாவின் மழைக்கோட்டு உள்பையில் ஒரு சின்னத் தகரடப்பா, அதில் வெள்ளைத் தேயிலை. அடியில் ஷாம் ஷுய் போவில் ஒரு தேயிலைக் கடையின் முத்திரை. வேலை பார்க்கிற மருந்துக்கடையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். தேயிலைக்காரர் டப்பாவைப் பார்த்ததுமே, "யூன் பெரியவரோடது! எங்கேம்மா அவரு, ரெண்டு மாசமா ஆளைக் காணோம்?" என்றார். அப்பா ஆரம்பத்தில் கறுப்புத் தேயிலைதான் வாங்கினாராம். அப்புறம் ஒரு நாள், கூட உட்காருகிறவருக்கு அது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வெளுப்பாக ஒன்று கொடுங்கள் என்றாராம். அன்றிலிருந்து இதுதான். கூட உட்காருகிறவர் யார் என்று கேட்டேன். "அது தெரியாது. குடிக்கிறது குவாய் மான் கடையில, அடுத்த தெரு முனை" என்றார்.

குவாய் மான் பழைய கடை. மின்விசிறி, எச்சில் தெறித்த கண்ணாடி, இன்னும் தள்ளுவண்டி. வண்டி தள்ளுகிற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யூன் மகளா? மூக்கு அப்படியே இருக்கு. ஆறாம் மேசைல போய் உட்காரு, அதான் உங்கப்பா எடம்" என்றாள். உட்கார்ந்த கையோடு ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே பன்றி ஈரல் வைத்த சியூ மாய் கொழுக்கட்டை. நம் வீட்டில் யாராவது ஈரல் சாப்பிட்டிருக்கிறோமா? "உங்கப்பா தெனமும் இதைத்தான் எடுப்பாரு" என்கிறாள்.

எதிரே ஒரு பெரியவர் குதிரைப் பந்தயப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எழுபது இருக்கும். கழுத்தின் இடது பக்கம் பழைய தீக்காயம், காதுவரை. நேற்று சிங் மிங், செத்தவர்களைக் கும்பிடுகிற நாள் அல்லவா, கல்லறைக்குப் போய்வந்த செம்மண் செருப்பில் அப்படியே ஒட்டியிருந்தது. வயசில் சின்னவள் நான்தானே, அவருக்கும் டீ ஊற்றினேன். குடித்தார். தட்டவில்லை. மறுபடி ஊற்றினேன். மறுபடியும் தட்டவில்லை. டீ ஊற்றினால் தட்டி நன்றி சொல்லவேண்டும் என்று இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என்ன மனுஷனோ!

வண்டி அம்மாளிடம் மெல்லக் கேட்டேன். "அவரு மோக். நாப்பது வருஷமா இதே மேசை. உங்கப்பா அஞ்சு வருஷமா எதிர்ல. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. உங்கப்பா ஊத்துவாரு, அவரு குடிப்பாரு. என்ன சிநேகிதமோ" என்றாள்.

எப்படியோ போகட்டும். சனிக்கிழமை அப்பாவை அங்கே கூட்டிப்போகிறேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு எனக்கு இன்று தூக்கம் வரும் போலிருக்கிறது. உன் லாய் மாமாவுக்கு நன்றி சொல்.

அக்கா


8 ஏப்ரல் 2011

அக்கா,

அங்கே போகாதே. அப்பாவைக் கூட்டிப்போகாதே. இது சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வரவேண்டும் என்று வார்டன் காலைப் பிடித்துக் கொடுத்தனுப்புகிறேன்.

வழக்கு நடந்த ஒன்பது நாளும் நீ வரவில்லை. அதனால் உனக்குத் தெரியாது. நான் தள்ளிவிட்டதில் செத்துப்போனவன் பேர் மோக் ட்ஸ்-ஹிம். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பைக்குள் சாப்பாட்டு டப்பா. படியில் சிதறிக் கிடந்ததைப் படம் எடுத்து சாட்சிப் பொருள் ஏழு என்று காட்டினார்கள். நாலு ஈரல் சியூ மாய். பையில் பச்சை எழுத்தில் குவாய் மான் என்று இருந்தது.

முன்வரிசையில் அவன் அப்பா. ஒன்பது நாளும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கழுத்தில் இருந்த அந்தத் தீக்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகாதே, அக்கா.

கின்-லொக்


குன் டோங்
12 ஏப்ரல் 2011

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நாங்கள் சனிக்கிழமை போய்விட்டு வந்துவிட்டோம்.

சொல்கிறேன், கேள். வாசலைத் தாண்டியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் அப்படி நான் பார்க்கவில்லை. ஆறாம் மேசைக்கு நேரே நாற்காலியைத் தள்ளினேன். அந்த மனிதர் பேப்பரைத் தாழ்த்தினார். அப்பாவின் கோணிய வாயை, தொங்கிய கையைப் பார்த்தார். பேப்பரை மடித்துப் பக்கத்தில் வைத்தார். அப்பா இடது கையால் ஜாடியைப் பிடித்தார். நான் உதவிக்குக் கையை நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டார். மேசை விரிப்பில், அவர் மடியில், எங்கும் டீ. கடைசியில் கோப்பையில் கொஞ்சம் விழுந்தது. அந்த மனிதர் எடுத்துக் குடித்தார். தட்டவில்லை. அப்பா ஈரல் கூடையை அவர் பக்கம் தள்ளினார். அவர் இரண்டைச் சாப்பிட்டார். நான் ஒன்றை எடுத்து அப்பா வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். அந்தக் கடையில் அப்பா எதையும் சாப்பிட்டதே இல்லை என்று வண்டி அம்மாள் அப்புறம் சொன்னாள். ஐந்து வருஷத்தில் ஒரு வாய்கூட!

எல்லாம் அந்த மனிதருக்காக வாங்கியதாம். நல்ல கடை, நல்ல இறால், மெல்லிய தோல் என்று நீயும் நானும் ஊரெல்லாம் தேடினோமே, நம் அப்பாவுக்கு டிம் சம்மே வேண்டியிருக்கவில்லை, கின்-லொக். அந்த மனிதர் விரலைப் பார்க்கப் போயிருக்கிறார். அந்த ஆள் ஒரு தடவை தட்டுவாரா என்று ஐந்து வருஷம் தினமும் போய்ப் பார்த்திருக்கிறார். வா மானில் என் கையைப் பார்த்ததும் அதற்குத்தான்.

நீ செய்ததற்கு அவர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. எனக்கு உன்மேல் இருந்த கோபம் எங்கே போய் நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து காய்ச்சல். நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நுரையீரலில் சளி. மூக்கில் குழாய் போட்டுவிட்டார்கள்.

புய்-குவான்


16 ஏப்ரல் 2011

அக்கா,

நான் உன்னிடம் ஒரு நாளும் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை.

வேனை அந்த அப்பனும் மகனும் குடியிருந்த கட்டிட வாசலில் நிறுத்தியிருந்தேன். சரக்கு இறக்க ஐந்து நிமிஷம். அவன் வந்து, "எடுய்யா வண்டியை, எங்கப்பாவுக்குக் காலு வீங்கியிருக்கு, நடக்க முடியாது, டாக்ஸி வரணும்" என்றான். நான் ராத்திரி பூரா தூங்காமல் ஓட்டியவன். "உங்கப்பன் பெரிய ராஜாவா?" என்றேன். அவன் நம் அம்மாவை இழுத்துப் பேசினான். தள்ளினேன். ஐந்தே படி, அக்கா. எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஐந்து படியில் ஒருவன் சாவான் என்று யாருக்குத் தெரியும்? இருபத்திரண்டு வயசு. டப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டே விழுந்தான். கையை ஊன்றியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சாட்சி சொன்னார்.

அவருக்குப் பதினோரு கடிதம் எழுதிக் கிழித்திருக்கிறேன். 'மன்னித்துவிடுங்கள்' என்று எழுதினால் அது ஏதோ ரசீது கேட்கிற மாதிரி இருந்தது.

எனக்காக எதுவும் கேட்காதே. அப்பாவுக்காகப் போய்க் கேள். ஒரே ஒரு தடவை. அவர் தட்டினால் போதும், அப்பா பிழைத்துக்கொள்வார், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அவர் காலில் விழச் சொன்னாலும் விழு. உன்னை விழச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பாய். ஒன்றும் இல்லை.

கின்-லொக்


குன் டோங்
28 ஏப்ரல் 2011

அன்புள்ள தம்பி,

அப்பா போய்விட்டார். செவ்வாய்க்கிழமை விடியற்காலை. ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குச் சேதி சொல்லியிருப்பார்கள். எப்படிப் போனார் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வந்த மறுநாள் குவாய் மானுக்குப் போனேன். ஆறாம் மேசை, அதே பேப்பர். "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?" என்றேன்.

"உங்கப்பாவை மொத நாளே தெரியும்மா" என்றார். "கோர்ட்டுல கடைசி வரிசைல ஒரே ஆளா உட்கார்ந்திருந்தவரு. ஒரு நாள் இங்க வந்து, இந்த எடம் காலியான்னு கேட்டாரு. காலி நாற்காலியை இல்லன்னு சொல்ல இந்த ஊருல யாருக்கு உரிமை இருக்கு? உட்கார்ந்தாரு. ஊத்தினாரு. நான் தட்டல. ரோஷம் வந்து போயிடுவாருன்னு நெனச்சேன். மறுநாளும் வந்தாரு."

"அப்ப ஏன் குடிச்சீங்க?"

"டீ என்ன பண்ணுச்சு?" என்றார். அப்புறம் ஈரல் கூடையைக் காட்டினார். "இது என் பையன் அன்னிக்கு எனக்காக வாங்கிட்டு வந்தது. அதுக்கப்புறம் நான் தொட்டதில்ல. உங்கப்பா வாங்கி எம் பக்கம் தள்ளுவாரு. ஒரு வருஷம் அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுப் போவேன். ஒரு நாள் நல்ல பசி. எடுத்துச் சாப்பிட்டுட்டேன். உங்கப்பா அழுதாரு. நான் பேப்பரைத் தூக்கி மொகத்தை மறைச்சுக்கிட்டேன்."

நான் கேட்டேன். அப்பா சாகக் கிடக்கிறார், ஒரு தடவை வந்து தட்டுங்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். காலில் விழவும் குனிந்தேன். "எந்திரி" என்றார், சத்தமாக. "தட்டிட்டா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். எனக்கு முடியல. உங்கப்பாவுக்காகப் பொய்யாத் தட்டச் சொல்றியா? அவரு கண்டுபிடிச்சுடுவாரு." அவரைச் சபித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வார்டில் அவர் வந்து நின்றார். கையில் ஒரு ஃபிளாஸ்க், குவாய் மான் கோப்பை இரண்டு. அப்பாவின் வெள்ளைத் தேயிலைதான், கடையில் ஒரு டப்பா வைத்திருந்தாராம். நர்ஸ், "நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது" என்று ஓடிவந்தாள். "அவருக்கு இல்லம்மா, எனக்கு" என்றார். ஃபிளாஸ்க்கைத் திறந்து அப்பாவின் இடது கையில் கொடுத்தார். நான் பிடிக்கப் போனேன். "விடு, அவரே ஊத்தட்டும்" என்றார்.

படுக்கை முழுக்க டீ. கோப்பையில் அரைவாசி விழுந்தது. மோக் நின்றபடியே குடித்தார். அப்பா அவர் கையைப் பார்த்தார். அந்த மனிதர் கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பையைப் பார்த்தபடி அப்பா கொஞ்ச நேரம் கிடந்தார். அப்புறம் மறுபடி ஃபிளாஸ்க்கைத் தூக்கினார். இரண்டாவது கோப்பையையும் அவர் குடித்தார். "நாளைக்கு வரேன்" என்றார். அப்பா தலையை ஆட்டினார். எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஆட்டினார். அவருக்குத் தட்டல் கிடைக்கவில்லை, தம்பி. நீ கேட்பாய் என்று தெரியும், கிடைத்தது என்று பொய் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் சொன்னபடி வந்தார். படுக்கை காலியாக இருந்தது, விரிப்பையும் எடுத்துவிட்டார்கள். ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். லிஃப்டுக்குப் போகிற வழியில் திரும்பிக் கேட்டார்.

"உன் தம்பி எப்ப வெளிய வரான்?"

"ஆகஸ்ட் பத்தொன்பது."

"குவாய் மான் காலைல ஆறு மணிக்குத் தொறக்கும். உங்கப்பா நாற்காலி காலியாத்தான் இருக்கு. வரச் சொல்லு. ஊத்தட்டும்" என்றார். லிஃப்ட் வந்தது. உள்ளே போய் நின்றுகொண்டு சொன்னார்: "நான் தட்டமாட்டேன். அதையும் சொல்லிடு."

சொல்லிவிட்டேன். அடக்கம் மே பன்னிரண்டு.

அக்கா


5 மே 2011

அன்புள்ள அக்கா,

பன்னிரண்டாம் தேதி என்னை அரை மணி நேரம் கூட்டிவருவார்கள். கையில் விலங்கு இருக்கும். நீ பக்கத்தில் நிற்க வேண்டாம், சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள். நின்றால் சந்தோஷம்.

உன் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. லாய் மாமா கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சாப்பாட்டோடு ஒரு ஜாடி வெதுவெதுப்பான தண்ணீர் வரும். ஐந்து வருஷமாக நான்தான் அவருக்கு ஊற்றுவேன். பழக்கதோஷம், அவரும் ஒவ்வொரு தடவையும் தட்டுவார், பிளாஸ்டிக் குவளை, சிமெண்டு மேடை, எதுவானாலும். நேற்று ஊற்றியபோது, "மாமா, இனிமே தட்டாதீங்க" என்றேன்.

"ஏன்டா? மரியாதை தெரியாதவன்னு நெனச்சியா என்னை?"

சொன்னேன், எல்லாவற்றையும். சாட்சிப் பொருள் ஏழிலிருந்து லிஃப்ட் வரைக்கும். இன்று காலை நான் ஜாடியை எடுத்ததும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஊற்றினேன். இடது கையால் எடுத்துக் குடித்தார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஊற்றினேன்.

கஷ்டமாகத்தான் இருக்கிறது, அக்கா. இன்னும் நூற்று ஆறு நாள் இருக்கிறது. அதற்குள் பழகிக்கொள்வேன்.

கின்-லொக்